சோமசேகரனின் வலது சிறுநீரகம் குறித்த விசாரணை

சோமசேகரனுக்கு இதயத்தில் உலோக வால்வு பொருத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஃபேனை நிறுத்திவிட்டால் அது டிக் டிக்கென்று அடிப்பது பக்கத்தில் படுத்திருக்கும் கமலாம்பாளுக்குக் கேட்கும். முதல் மாதம் அவள் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் என்று நினைத்து அதன் பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். அப்புறமும் சத்தம் நிற்காததால்தான் விஷயம் புரிந்தது.

சென்னையில் அறுவை சிகிச்சை முடிந்து கிளம்பும்போது டாக்டர் நிறைய விஷயம் சொன்னார். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, அதை ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்றார். அந்த மாத்திரையால் ரத்தம் இளகி இருக்கும், அடிபட்டால் லேசில் நிற்காது என்றார். அதற்கு மேலும் பத்து நிமிடம் பேசினார். ஆனால் 'அடிபட்டால் நிற்காது' என்ற இடத்திலேயே சோமசேகரனின் காது அடைத்துவிட்டது. முப்பத்தொரு வருடம் மின்துறையில் இளநிலைப் பொறியாளராக இருந்தவர். ஆபத்து என்று ஒரு சொல் காதில் விழுந்தால் அவருக்கு அதற்குப் பிறகு வேலைதான் தெரியும், பேச்சு கேட்காது.

தருமபுரத்தில் இருந்த அவருடைய வீடு ஒரே வாரத்தில் மாறியது. மேஜை, கட்டில், டிவி ஸ்டாண்டு எல்லாவற்றின் மூலைகளிலும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார். கண்ணாடி டம்ளர்கள் பெட்டிக்குள் போயின. சவரத்தை விட்டார், தாடி போகப்போக நெஞ்சுவரை இறங்கியது. நகத்தை வெட்டாமல் உப்புத்தாளில் தேய்த்தார். மீன் நிறுத்தப்பட்டது, முள் குத்திவிடும் என்று. இறாலுக்கு மட்டும் அனுமதி, அதுவும் மீசை, கால், வால் எல்லாம் நீக்கிய பிறகு. கடலை ஒட்டிய ஊரில் பிறந்து வளர்ந்த கமலாம்பாள் இந்த உத்தரவைக் கேட்டு அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அரிவாள்மணையும் கத்தியும் வீட்டைவிட்டே வெளியேறின. அதனால் கமலாம்பாள் தினமும் காலையில் காய்கறிக் கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுப் பஞ்சநாதன் வீட்டுக்குப் போய் நறுக்கிக்கொண்டு வருவாள். கால் கிலோ வெண்டைக்காய் நறுக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். பஞ்சநாதனின் மனைவி நன்றாகப் பேசுவாள். இந்த ஒரு ஏற்பாட்டை மட்டும் கமலாம்பாள் எதிர்க்கவே இல்லை.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வந்தது. அன்றைக்குச் சாமி வீதி உலா வரும்போது வேண்டுதல் உள்ளவர்கள் மாடியிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நிற்கும் கூட்டம் முந்தானையையும் துண்டையும் விரித்து ஏந்திக்கொள்ளும். பிள்ளையில்லாத பெண்கள் அந்தப் பழத்தைச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை. பஞ்சநாதனுக்கு அந்த வருடம் பேத்தி பிறந்திருந்தாள். பாரதியார் வீதியில் இருக்கும் தன் தம்பி வீட்டு மாடியிலிருந்து நூற்றியெட்டுப் பழம் இறைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார்.

"வராம இருந்துடாதீங்க சார்" என்று அவர் மூன்று முறை கூப்பிட்டார்.

சோமசேகரன் போனார். ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனார். சாமிக்குப் பாதை விட்டு நின்ற கூட்டத்தில், தாடியோடும் ஹெல்மெட்டோடும் கூப்பிய கையோடும் நின்ற ஒரே பக்தர் அவர்தான். போலீஸ்காரர் ஒருவர் வந்து, "வண்டி எங்க நிறுத்தியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மழை போல மாம்பழம் விழுந்தது. அதில் ஒன்று சோமசேகரனின் தோளில் வந்து அடித்தது. அவர் அங்கேயே கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்ணினார். ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தார். சிராய்ப்பு இல்லை, நீலம் பாயவில்லை. தோள் மட்டும் கொஞ்சம் வலித்தது.

நான்காம் நாள் காலை. சோமசேகரன் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை, குனியவில்லை, எதையும் தூக்கவில்லை. திடீரென்று வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக, உள்ளிருந்து யாரோ முட்டியால் இடித்தது போல் ஒரு வலி. டம்ளர் கையிலிருந்து விழுந்தது.

"கமலா!"

கமலாம்பாள் ஓடிவந்து பார்த்துவிட்டு, "வாயு" என்றாள். ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். சத்தம் கேட்டு வந்த பஞ்சநாதன் வலிக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்தே முடிவுக்கு வந்துவிட்டார்.

"கல்லு சார். கிட்னி கல்லு. என் மச்சானுக்கு இதே இடம்தான். வாழைத்தண்டு ஜூஸ் ஒரு சொம்பு குடிங்க, வழுக்கிக்கிட்டு வந்துடும்."

வாழைத்தண்டுச் சாறும் வந்தது. நெரவியில் இருக்கும் தங்கை அல்லிக்குக் கமலாம்பாள் போன் போட்டாள். அல்லி பேச்சை முழுக்கக் கேட்காமலேயே, "சூடு பிடிச்சிருக்கும்க்கா, தொப்புள்ல விளக்கெண்ணெய் வையி" என்றாள். எண்ணெயும் வைத்தாயிற்று. அரை மணி நேரத்தில் சோமசேகரன் மூன்று நோய்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டுவிட்டார். வலி குறையவில்லை. சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியது. கழிவறைக்குப் போகலாமென்று எழுந்தவர் கண் இருட்டி அப்படியே கமலாம்பாள் மேல் சாய்ந்தார்.

நாலு தெரு தள்ளிக் குடியிருந்த மகள் உமாமகேஸ்வரி வங்கிக்குக் கிளம்பும் வழியில் எட்டிப் பார்க்க வந்தவள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"வாயுவும் இல்ல கல்லும் இல்ல. தள்ளுங்க" என்று சொல்லி 108-க்குப் போன் போட்டாள்.

ஆம்புலன்சில் படுத்திருந்த சோமசேகரனுக்குப் பேசத் தெம்பு இல்லை. ஆனாலும் ஓட்டுநருக்கு ஒரு தகவல் சொல்லி அனுப்பினார்: வேகத்தடை வரும்போது முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் தமிழ்மொழிக்கு முப்பது வயதுகூட இருக்காது. வந்ததும் ரத்த அழுத்தம் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "என்னென்ன மாத்திரை சாப்பிடுறாரு?" என்று கேட்டாள். உமா சீட்டை நீட்டினாள். ரத்தம் இளக்கும் மாத்திரையின் பெயரைப் பார்த்ததும் டாக்டரின் பேச்சு வேகமானது. ரத்தம் எடுக்கச் சொன்னாள், ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள், நர்சிடம் இரண்டு கையிலும் ஊசி போட்டு வைக்கச் சொன்னாள். இரண்டு கை என்று கேட்டதும் சோமசேகரன் முனகினார். யாரும் கவனிக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்து கட்டிலருகே நின்றாள்.

"ஐயா, உங்க வலது கிட்னியைச் சுத்தி ரத்தம் கட்டியிருக்கு. உள்ளயே கசிஞ்சு உள்ளயே தேங்கியிருக்கு. எங்கயாவது விழுந்தீங்களா? இடிச்சுக்கிட்டீங்களா?"

"ரெண்டு வருஷமா உடம்புல ஒரு கீறல் கிடையாது டாக்டர்."

"அப்ப தானாவே ஆகியிருக்கு. ரத்தம் இளக்குற மாத்திரை சாப்பிடுறவங்கள்ல எங்கயோ ஒருத்தருக்கு இப்படி ஆகறது உண்டு."

"தானாவா?"

"ஆமாங்கய்யா."

"கேஸ் ஷீட்ல அப்படி எழுதிடாதீங்க" என்றார் சோமசேகரன், பலவீனமான குரலில், ஆனால் அழுத்தமாக.

அவருக்கு அந்த ஒரு சொல்லை மட்டும் பிடிக்காது. மின்துறையில் எங்கே டிரான்ஸ்பார்மர் எரிந்தாலும், கம்பி அறுந்தாலும் விசாரித்து அறிக்கை எழுதும் வேலை அவரிடம்தான் வரும். கீழே வேலை பார்க்கும் யாராவது 'டிரான்ஸ்பார்மர் தானாக எரிந்தது' என்று எழுதிக் கொடுத்தால் சிவப்பு மையில், 'தானாக எரிவதற்கு மத்தாப்பால்கூட முடியாது' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். எலி, அணில், மழை, பட்டம் விட்ட நூல் என்று ஏதாவது ஒரு காரணம் கிடைக்கும்வரை விடமாட்டார். ஒருமுறை ஒரு காக்கையின் கூட்டையே பிரித்துப் பார்த்து அதிலிருந்த கம்பித் துண்டைத் தாளில் ஒட்டி அறிக்கையோடு அனுப்பினார்.

எனவே தன்னுடைய சிறுநீரகத்தின் விஷயத்திலும் விசாரணை தொடங்கியது.

மாத்திரையின் வேகத்தை அடக்கக் கொஞ்சமாக வைட்டமின் கே ஊசி போட்டார்கள். ரத்தத்தை உறைய வைக்கப் பிளாஸ்மா பை ஒன்று தலைக்கு மேல் தொங்கியது. கழுத்துக்குக் கீழே எதையும் அசைக்கக் கூடாது என்று டாக்டரின் உத்தரவு. சோமசேகரன் வாயை மட்டும் அசைத்தார். உமா முதலில் கோபப்பட்டாள்.

"அப்பா, உயிர் பிழைச்சு வந்ததே பெரிசு. சும்மா படுங்க."

"பேசவிடுங்க மேடம்" என்றாள் நர்ஸ். "பேசுற நேரத்துலதான் ஆடாம அசையாம படுத்திருக்காரு."

அதனால் உமா போனை எடுத்து, அவர் சொல்வதைத் தட்டச்சு செய்வது போல் பாவனை செய்தாள். கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டாள், சுவாரசியமாக இருந்ததால்.

முதல் சாட்சி கமலாம்பாள்.

"தொப்புள்ல எண்ணெய் வச்சியே, அழுத்தித் தேய்ச்சியா?"

"வலி வந்ததுக்கு அப்புறம்தானேங்க எண்ணெய் வச்சேன்? வலிக்கு முன்னாடியே நான் எதுக்கு உங்க தொப்புளைத் தடவப் போறேன்?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்ததில் அவருக்குத் தையல் போட்ட இடம் வலித்தது. கமலாம்பாள் விடுவிக்கப்பட்டாள்.

அடுத்து பஞ்சநாதன். அவர் மத்தியானம் வந்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்துக் கட்டி, கையில் ஒரு பழரசப் பாக்கெட்டோடு உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

"ரத்தம் குடுத்துட்டு வரேன் சார். பிளாஸ்மா எடுத்ததுக்குப் பதிலா ஆள் கேட்டாங்க. வாழ்க்கையில மொத தடவை. தலை சுத்தல, ஒண்ணும் ஆவல."

"உக்காருங்க" என்றார் சோமசேகரன். "திருவிழா அன்னிக்கு நீங்க எறிஞ்ச மாம்பழம் என் மேல பட்டுச்சா இல்லையா?"

பஞ்சநாதன் உறிஞ்சுவதை நிறுத்தினார். ரத்தம் கொடுத்துவிட்டு வந்த மனிதரைப் பார்த்துக் கேட்கும் கேள்வியா இது என்பது போல் உமாவைப் பார்த்தார். உமா போனைப் பார்த்தாள்.

"சார், அந்தத் தெருவுல இருபது மாடியில இருந்து எறிஞ்சாங்க. என் பழந்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"உங்க திசையில இருந்து வந்துச்சு."

"உங்க மேல பட்டது என்ன பழம்?"

சோமசேகரன் யோசித்தார். அன்றைக்குக் காலடியில் கிடந்ததை நன்றாகப் பார்த்திருந்தார். "சின்னது. நீலம்."

"நான் எறிஞ்சது நூத்தியெட்டும் பங்கனபள்ளி!" பஞ்சநாதன் எழுந்தே நின்றுவிட்டார். "சேலத்துல இருந்து இறக்கினது. பேத்திக்கு வேண்டிக்கிட்டு யாராவது நீலத்தை எறிவாங்களா? கமலா அக்காவைக் கேளுங்க, கூடையில அடுக்கினதே அவங்கதான்."

"ஆமாங்க, பங்கனபள்ளிதான்" என்றாள் கமலாம்பாள்.

"அது போகட்டும்ப்பா" என்றாள் உமா. "எந்தத் தோள்ல பட்டுச்சு?"

"இடது."

"ரத்தம் கட்டினது வலது கிட்னி."

சோமசேகரன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். மாம்பழம் உடம்புக்குள் குறுக்கே போயிருக்க வாய்ப்பில்லை என்பதை மனமில்லாமல் ஒத்துக்கொண்டார். பஞ்சநாதன் மீதிப் பழரசத்தை வெற்றியோடு குடித்து முடித்தார்.

அந்த நேரத்தில்தான் ரிஃபானா வந்தாள். கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருப்பவள். சோமசேகரனின் பழைய முடிவுகள் வேண்டுமென்று டாக்டர் கேட்டதால் உமா அவளுக்குப் போன் செய்திருந்தாள். அனுப்பாமல் நேரிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பின்னாலேயே டாக்டர் தமிழ்மொழியும் வந்தாள்.

"ஐ.என்.ஆர். இன்னிக்கு எட்டு புள்ளி ரெண்டு" என்றாள் டாக்டர். "ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு காட்டுற எண் அது. உங்க வால்வுக்கு ரெண்டரைக்கும் மூணரைக்கும் நடுவுல இருக்கணும். போன மாசம் எவ்வளவு இருந்துச்சு?"

ரிஃபானா தாள்களைப் புரட்டினாள். "போன மாசம் இல்லீங்க டாக்டர். சார் எங்ககிட்ட கடைசியா வந்தது தை மாசம். அஞ்சு மாசம் ஆச்சு. நானும் நாலு தடவை போன் போட்டேன், வேற எங்கயோ பாத்துக்கிறேன்னாங்க."

எல்லோரும் சோமசேகரனைப் பார்த்தார்கள்.

"வேற எங்கப்பா பாத்தீங்க?"

"எங்கயும் பாக்கல."

"ஏன்?"

அவர் தாடியைத் தடவ நினைத்தார், கை அசைக்கக் கூடாது என்பதால் விட்டுவிட்டார். "ஊசி குத்தி எடுக்கிறாங்க. மாசா மாசம் உடம்புல ஓட்டை போடச் சொன்னா, ரத்தம் உறையாத ஆளு என்ன பண்றது? அடிபடாம பாத்துக்கோன்னுதானே டாக்டர் சொன்னாரு?"

ரிஃபானாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்க முகத்தைத் துப்பட்டாவுக்குள் திருப்பிக்கொண்டாள். "ஒரு நிமிஷம் பஞ்சை அழுத்திப் பிடிச்சா நின்னுடும் சார். தை மாசம் வரைக்கும் நின்னுச்சே" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "கீரை சாப்பிடுவீங்களா?"

"நிறுத்திட்டேன்" என்றார் சோமசேகரன், இதிலாவது பாராட்டு கிடைக்கும் என்ற நம்பிக்கையில். "இந்த மாத்திரைக்குக் கீரை எதிரின்னு வாட்சப்ல வந்துச்சு. ஒரு இலை தொடறதில்ல."

"நான் சொன்னேன் டாக்டர்" என்றாள் கமலாம்பாள். "முருங்கைக்கீரை கொல்லையில மரமா நிக்குது, ஆடு தின்னுட்டுப் போகுது. இவரு கொத்தமல்லித் தழையைக்கூடப் பொறுக்கி வெளிய வைக்கிறாரு."

"கீரை எதிரி இல்லங்கம்மா. வாரம் வாரம் ஒரே அளவா சாப்பிட்டா, அதுக்குத் தகுந்த மாதிரி மாத்திரை அளவை வச்சுக்கலாம். திடீர்னு முழுசா நிறுத்தினா மாத்திரையோட வேகம் கூடிடும். கூடுறது தெரியணும்னா ரத்தம் டெஸ்ட் பண்ணணும்." டாக்டர் கொஞ்சம் நிறுத்தினாள். "இந்த வாரத்துல வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா? காய்ச்சல், வலி, எதுக்காவது?"

சோமசேகரன் பஞ்சநாதனைப் பார்த்தார். பஞ்சநாதன் மெதுவாக வாசல் பக்கம் நகர ஆரம்பித்தார்.

"பஞ்சநாதன்" என்றார் சோமசேகரன். "நில்லுங்க."

"சார், தோள் வலின்னீங்க. என் முட்டி வலி மாத்திரை நல்லா கேக்கும்னுதான் குடுத்தேன். மனுஷனுக்கு மனுஷன் உதவிதானே."

"எத்தனை?" என்றாள் டாக்டர்.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மூணு நாள்" என்றார் சோமசேகரன். "தோளுக்கு வெளியில அடிபட்டிருக்கு. உள்ளுக்கு மாத்திரை போட்டா என்ன ஆயிடப்போகுதுன்னு நினைச்சேன்."

டாக்டர் தமிழ்மொழி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, ரத்தம் இளக்குற மாத்திரை சாப்பிடுறவங்க அந்த வலி மாத்திரையைக் கேக்காம தொடவே கூடாது. அஞ்சு மாசமா ரத்தம் பாக்கல, கீரை இல்ல, இது மூணாவது. எல்லாம் சேந்து இழுத்து விட்டுருக்கு. கிட்னியில எங்கயோ நூல் மாதிரி ஒரு ரத்தக்குழாய் விட்டுப்போயிருக்கு. சாதாரணமா இருந்தா உங்களுக்குத் தெரியாமலேயே அடைச்சிருக்கும்."

கமலாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு சோமசேகரன் சொன்னார்:

"உமா, எழுதிக்க. தோள் வலியாலதான் மாத்திரை. தோள் வலி வந்தது மாம்பழத்தால. ஆக, மாம்பழத்துக்கும் பங்கு இருக்கு."

"நீலம்!" என்றார் பஞ்சநாதன் வாசலிலிருந்து. "நீலம்னு போட்டு எழுதச் சொல்லுங்க."

அன்றைக்கு வந்த சிரிப்பு மறுநாள் வரை நீடிக்கவில்லை. மறுநாள் காலையில் எடுத்த ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒன்றரைப் புள்ளி இறங்கியிருந்தது. இரண்டாம் முறை ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கட்டு கொஞ்சம் பெரிதாகியிருந்தது. டாக்டர் உமாவையும் கமலாம்பாளையும் தனியே கூப்பிட்டாள்.

"கசிவு நிக்கலன்னா தஞ்சாவூர் கொண்டு போகணும். தொடை வழியா மெல்லிசா ஒரு குழாய் விட்டு, கசியற இடத்தை அடைப்பாங்க. இன்னொண்ணும் சொல்லிடறேன். ரத்தம் இளக்குற மருந்தை நிறுத்தி வச்சிருக்கோம். ரொம்ப நாள் நிறுத்த முடியாது, வால்வுல கட்டிக்கும். ரெண்டுக்கும் நடுவுலதான் நின்னுக்கிட்டிருக்கோம். சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்."

ஆம்புலன்சைத் தயாராக நிற்கச் சொன்னார்கள். உமா தாழ்வாரத்தில் நின்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். கமலாம்பாள் உள்ளே வந்து கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சோமசேகரன் அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். நேற்று முழுக்கப் பேசியவர் இன்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவருடைய கை குளிர்ந்திருந்தது. அவள் அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"கமலா."

"பேசாதீங்க."

"எனக்கு பயமா இருக்கு."

கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவர் இதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. மூலைக்கு மூலை ரப்பர் ஒட்டும்போதுகூட 'முன்னெச்சரிக்கை' என்றுதான் சொன்னாரே தவிர, பயம் என்று சொன்னதில்லை.

"எனக்கும்தான்" என்றாள். "ரெண்டு வருஷமா நான் தூங்கறதா நினைச்சீங்களா? அந்தச் சத்தம் நின்னுடப்போகுதேன்னு கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். கேட்டுக் கேட்டுக் கண்ணசந்துடுவேன். திடுக்குன்னு முழிச்சு மறுபடியும் கேப்பேன்."

அவருடைய கண்ணோரம் கசிந்த நீர் தாடிக்குள் இறங்கியது. அவள் துடைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் இருவரும் பிளாஸ்மா சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுக்குப் போனதும்" என்றாள் கமலாம்பாள், "எனக்கு வஞ்சிரம் வேணும்."

"முள்ளு..."

"வஞ்சிரத்துல நடு முள்ளு ஒண்ணுதான். என் பங்கை நான் தின்னுக்கிறேன். நீங்க வேற ரூம்ல உக்காந்துக்குங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலா வலிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். காலையில் இருந்த எண்ணே இருந்தது. ஏழு மணிக்கும் அதே எண். ஐ.என்.ஆர். இரண்டுக்குக் கீழே வந்திருந்தது. டாக்டர் தமிழ்மொழி ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் சாப்பிடப் போகலாம் என்றாள். தாழ்வாரத்தில் காத்திருந்த பஞ்சநாதன் அதைக் கேட்டுவிட்டு அந்த ஓட்டுநரையே கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அப்புறம் எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. ஒரு வாரம் கழித்து ரத்தம் இளக்கும் மருந்தை ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக, மணிக்கு மணி பார்த்துப் பார்த்துத் தொடங்கினார்கள். கசிவு திரும்பவில்லை. மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்தார்கள். கட்டியிருந்த ரத்தம் தானே கரைய மாதக்கணக்கில் ஆகும் என்றாள் டாக்டர். அந்தத் 'தானே'வை மட்டும் சோமசேகரன் ஆட்சேபிக்காமல் விட்டுக்கொடுத்தார். பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் அதிகாரம் கைமாறியிருந்தது. கமலாம்பாள் வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு கரண்டி என்று கீரை வைத்தாள். ரிஃபானா முதலில் வாரத்துக்கு ஒருமுறையும் பிறகு மாதத்துக்கு ஒருமுறையும் வரச்சொன்னாள். வீட்டுக்கு யார் எந்த மாத்திரை கொண்டுவந்தாலும் அதை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டாள் உமா. பஞ்சநாதன் வந்தால் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள். வஞ்சிரமும் வந்தது. கமலாம்பாள் வறுத்த மீனோடு கூடத்தில் உட்கார்ந்தாள். சோமசேகரன் முதல் நாள் மட்டும் அறையில் உட்கார்ந்திருந்தார். வாசனை தாங்க முடியாமல் இரண்டாம் முறை தட்டோடு வெளியே வந்தார். அவள் முள்ளை எடுத்துவிட்டு ஒரு துண்டு வைத்தாள்.

ஐப்பசியில் அல்லியின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. கமலாம்பாள் துணிப்பையை எடுத்துக்கொண்டு நெரவிக்குக் கிளம்பினாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் ஒரு நாள்கூட வெளியில் தங்கியதில்லை. "குழம்பு வச்சிருக்கேன், உமா வந்து பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. சோமசேகரன் தனியாக ரிஃபானாவின் பரிசோதனைக் கூடத்துக்குப் போனார். கையை நீட்டிவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது. வெளியே வந்து கமலாம்பாளுக்குப் போன் போட்டார். முதல் தடவை அவள் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தபோது பின்னால் நாலைந்து பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டு புள்ளி எட்டு" என்றார்.

"நல்லதாப்போச்சு. நான் வெள்ளிக்கிழமை வர்றேன்."

"வெள்ளிக்கிழமையா? இன்னிக்கு செவ்வாய்தானே?"

"ஆமா. வச்சிடறேன், புள்ள அழுவுது."

சோமசேகரன் கொஞ்ச நேரம் கடைத்தெரு ஓரத்தில் நின்றார். வீட்டுக்குப் போகும் வழியில் திரும்பினார், நின்றார், பிறகு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். நெரவி வழியாகப் போகும் பஸ் வந்தது. உட்கார இடமில்லை. அவருடைய தாடியைப் பார்த்து யாரோ சாமியார் என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார்கள். அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஆடியது, ஒரு கூடைக்காரம்மா அவருடைய காலை மிதித்தாள், ஒரு பையின் மூலை முதுகில் இடித்தது. கண்டக்டர் வந்து சில்லறை கேட்டுத் திட்டினார். வெளியே வயலில் தண்ணீர் நின்றது, நடவு முடிந்து பச்சை பிடித்திருந்தது.

அல்லியின் வீட்டு வாசலில் அவர் போய் நின்றபோது கூடத்தில் சிரிப்பு நின்றது. கமலாம்பாள் மடியில் குழந்தையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"பஸ்ஸுலயா வந்தீங்க?"

"ஆமா."

"நாலு நாள் என்னை நிம்மதியா இருக்க விடமாட்டீங்களே" என்றாள். பிறகு குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். "காலை அலம்பிட்டு வந்து உக்காருங்க. சாப்பிட்டீங்களா இல்லையா?"